ஆய்தமும் ஆன்மாவும்

காவிரியின் தென்கரையில், கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே, நெல்வயல்கள் சூழ்ந்த திருவாவடுதுறை மடத்தில் 18-ஆம் நூற்றாண்டில் விளங்கிய சிவஞான முனிவரை, மெய்கண்டாரின் சிவஞானபோதத்துக்குத் திராவிட மாபாடியம் என்னும் பேருரை கண்டவர் என்ற அளவிலேயே சைவ உலகம் பெரிதும் போற்றி வருகிறது. ஆனால் அந்த முனிவர்தாம் தொல்காப்பியத்தின் பாயிரத்துக்கும் முதற் சூத்திரத்துக்கும் விருத்தி எழுதியவர். சங்கர நமச்சிவாயர் நன்னூலுக்கு இயற்றிய விருத்தியுரையைத் திருத்திச் செப்பஞ் செய்தவரும் அவரே. எழுத்தின் இலக்கணமும் உயிரின் இலக்கணமும் ஒரே மடத்தில், ஒரே மனிதரின் உள்ளத்தில் ஒருங்கே குடியிருந்தன என்பதை எண்ணும்போது, அவ்விரு சாஸ்திரங்களுக்கும் பொதுவான கேள்வி ஒன்று அவருடைய சிந்தையில் ஊடாடியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பிறிதொன்றைச் சார்ந்தே விளங்கக்கூடிய ஒரு பொருளுக்குத் தனக்கென ஓர் இருப்பு உண்டா, இல்லையா என்பதே அக்கேள்வி. இலக்கணத்தில் அது ஆய்தத்தைப் பற்றி எழுகிறது. சித்தாந்தத்தில் ஆன்மாவைப் பற்றி எழுகிறது. நம் காலத்தில், எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்துக் கணினிக்குள் அமர்த்திய அறிஞர்களின் மேஜைமீதும் அதே கேள்வி, அவர்கள் எதிர்பாராத உருவத்தில், வந்து நின்றது.

தொல்காப்பியரின் முதற் சூத்திரம் எழுத்துகளை முப்பது என்று வரையறுத்துவிட்டு, சார்ந்து வரும் மரபுடைய மூன்றை அத்தொகைக்குப் புறம்பாக நிறுத்துகிறது. குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் என்பன அம்மூன்று. முன்னைய இரண்டும் இகர உகரங்களின் குறுகிய ஓசைகளே ஆதலால், அவற்றைத் தனியே எண்ணாமல் விட்டதற்குக் காரணம் எளிதில் விளங்கும். ஆய்தமோ எந்த எழுத்தின் குறுக்கமும் அன்று. முப்பது எழுத்துகளில் எதையும் அதற்கு மூலம் என்று காட்ட முடியாது. ஆயினும் அது முப்பதில் ஒன்றாக வைக்கப்படவில்லை. இவ்விடத்தில் நான் பலமுறை படித்து வியந்த ஒரு செய்தி உண்டு: அத்தொகையைக் கூறும் அந்தச் சூத்திரத்திலேயே ஆசிரியர் ஆளும் எண்ணுப்பெயர் ‘முப்பஃது’ என்பது. எழுத்துகள் இத்தனை என்று எண்ணுகின்ற சொல்லின் நடுவே, அந்த எண்ணிக்கைக்குள் அடங்காத எழுத்து அமர்ந்திருக்கிறது. அக்காலத்து வழக்கில் அச்சொல்லின் வடிவமே அதுதான் என்பதும், ஆசிரியர் இதனை ஓர் அலங்காரமாகச் செய்யவில்லை என்பதும் உண்மையே. ஆனால் தொகைக்குப் புறம்பான ஒன்று இல்லாமல் தொகையைச் சொல்லவே இயலவில்லை என்ற நிலைமை, சார்பு என்பது இன்மையாகாது என்பதற்கு எந்தத் தர்க்கத்தையும்விட வலிய சான்றாக எனக்குப் படுகிறது.

ஆய்தத்தின் இயல்பு விசித்திரமானது. மெய்யெழுத்துக்குப் புள்ளி என்பது மேலே இடப்படும் ஓர் அடையாளம். ஆய்தத்துக்கோ புள்ளியே சரீரம். மூன்று புள்ளிகளாலான வடிவுடையது ஆதலின் அதனை முப்பாற்புள்ளி என்றார்கள். முன்னே ஒரு குற்றெழுத்தும், பின்னே உயிரோடு கூடிய ஒரு வல்லெழுத்தும் நிற்க, அவ்விரண்டுக்கும் நடுவில் அரை மாத்திரை அளவே அது ஒலிக்கும். எஃகு, அஃது, கஃசு என்னும் சொற்களைச் சொல்லிப் பார்த்தால் இது விளங்கும். வள்ளுவர் பிறர் பொருளை விரும்பாமைக்கு வகுத்த அதிகாரத்தின் பெயரான வெஃகாமை என்ற சொல்லில், ஆசையின் மூச்சு சற்றே தடைப்பட்டு நிற்பதைப்போல அது நிற்கிறது. சார்பெழுத்துகள் தாம் சார்ந்தவற்றின் பிறப்பிடத்திலேயே பிறக்கும் என்பது தொல்காப்பியர் கொள்கை; 13-ஆம் நூற்றாண்டின் பவணந்தியாரோ ஆய்தத்துக்குத் தலையே இடம் என்று தனியிடம் ஒன்று வகுத்தார். இவர்களுக்கிடையே உள்ள வேறுபாடு வெறும் ஒலிநூல் வேறுபாடு அன்று. சார்ந்து நிற்பதற்குச் சொந்த வீடு உண்டா என்பதுபற்றிய வேறுபாடு அது. இன்னும் வியப்பு என்னவென்றால், இதே எழுத்துக்கு மரபு ‘தனிநிலை’ என்றும் ஒரு பெயரிட்டிருக்கிறது. உயிரோடும் சேராமல் மெய்யோடும் சேராமல் தனித்து நிற்பதால் தனிநிலை. இரு பக்கமும் துணையின்றி ஒலியாது ஆதலால் சார்பெழுத்து. ஒரே பொருள் தனிநிலையாகவும் சார்பாகவும் எப்படி இருக்க முடியும்?

இந்த முரணைக் கண்டு சிலர் குறியீடுகளைத் தேடிப் போகிறார்கள். மூன்று புள்ளிகளும் சிவபெருமானின் முக்கண் என்பார் உளர்; கேடயம் என்றும், ஆயுதம் என்றும் கூறுவாரும் உளர். பக்தியில் பிறந்த அக்கற்பனைகளை நான் இகழவில்லை. ஆயினும் அந்த எழுத்தின் ரகசியம் அதன் உருவத்தில் இல்லை, அது நிற்கும் நிலையில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

சித்தாந்தம் இம்முரணை வேறொரு வாயிலாக விடுவிக்கிறது. பதி, பசு, பாசம் என்ற மூன்றும் அநாதி. ஆன்மா யாராலும் சிருஷ்டிக்கப்பட்டதன்று. அதன் இருப்பு அதற்கே உரியது. ஆனால் அறிதலும் விளங்குதலும் அதற்குத் தானாக வருவதில்லை; எதனைச் சார்கிறதோ அதன் தன்மையைத் தன் தன்மையாகக் கொண்டே அது விளங்குகிறது. இதைத்தான் சார்ந்ததன் வண்ணமாதல் என்று நம் ஆசாரியர்கள் வழங்கினார்கள். படிகக்கல் அருகிலுள்ள மலரின் நிறத்தைக் காட்டும். கண் இருளில் இருளோடு இருளாகவும் ஒளியில் ஒளியோடு ஒளியாகவும் இருக்கும். எனினும் படிகம் மலர் ஆவதில்லை, கண் இருளாகி ஒழிந்துபோவதுமில்லை. இருப்பில் தனிநிலை, விளக்கத்தில் சார்பு என்று இரண்டையும் வேறுபடுத்திக் கொண்டால், முரண் என்று தோன்றியது முரணாகாமல் ஒரு சுபாவமாகிவிடுகிறது. ஆன்மாவே பிரம்மம் என்ற ஏகான்மவாதமும், ஆன்மா என ஒன்று இல்லவே இல்லை என்ற நாஸ்திகமும் இவ்விரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றைக் கைவிட்டவை என்று சித்தாந்திகள் சொல்வதன் கருத்து இதுதான்.

எழுத்தைக் கொண்டு ஆன்மாவை விளக்குவது நான் புதிதாகச் செய்யும் துணிவு அன்று. 14-ஆம் நூற்றாண்டில் சிதம்பரத்தில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார், திருவருட்பயனில் ஐந்தெழுத்தை விளக்குமிடத்தில், சிவாயநம என்பதன் நடுவில் நிற்கும் யகரமே ஆன்மா என்று வைத்து, ஒரு பக்கம் சிவமும் அருளும், மறு பக்கம் திரோதமும் மலமும் ஆக, இரண்டுக்கும் இடையே அது நிற்கும் நிலையைக் காட்டுகிறார். இரு பக்கத்திலும் சார்புடைய நடு எழுத்து ஒன்று ஆன்மாவின் நிலையை உணர்த்தும் என்பது டெல்டா நாட்டுச் சைவ மடங்களில் தலைமுறை தலைமுறையாகப் பாடம் சொல்லப்பட்ட செய்தி. குறிலுக்கும் வல்லினத்துக்கும் நடுவே நிற்கும் ஆய்தத்தையும் அந்தப் பார்வையோடு பார்க்கலாம் என்பது மட்டுமே நான் சேர்ப்பது.

இனிக் கணினிக்குள் நடந்ததைச் சொல்லவேண்டும். உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் ஆளுக்கு ஓர் எண் கொடுக்கும் யூனிகோட் ஏற்பாட்டின் முதற் பதிப்பு 1991-இல் வெளிவந்தபோது, இந்திய எழுத்துகளை அடுக்குவதற்கு அவர்கள் மேற்கொண்ட அடிப்படை, இந்தியாவில் 1988-இல் வகுக்கப்பட்டிருந்த இஸ்கி என்னும் குறியேற்றம். தேவநாகரி முதல் மலையாளம் வரை ஒன்பது எழுத்து முறைகளுக்கும் 128 இடங்கள் கொண்ட தனித்தனிக் கட்டம் தந்து, ஒவ்வொரு கட்டத்திலும் அதே ஒலிக்கு அதே இடம் என்று வைத்தார்கள். கலியாணப் பந்தியில் முதல் வரிசைக்காரர்களுக்கு எண்ணிப் போட்ட கணக்கிலேயே மற்ற எட்டு வரிசைக்கும் இலை போட்ட கதைதான் அது. வர்க்க எழுத்துகள் இல்லாத தமிழின் வரிசையில் பல இலைகள் வெறுமையாயின. ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே மூன்று இடங்கள் இன்றும் ஆளின்றிக் கிடக்கின்றன. தேவநாகரிக் கட்டத்தில் நான்காம் இடம் விசர்க்கத்துக்கு உரியது, அதன் எண் 2307. தமிழ்க் கட்டத்தில் அதே நான்காம் இடமான 2947-இல் ஆய்தத்தை உட்கார வைத்தார்கள்; அதற்கு இட்ட பெயரும் ‘தமிழ் விசர்க்கக் குறி’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரே. அதற்கு முந்திய 2946-ஆம் இடத்தில் அனுஸ்வாரம் ஒன்று இருக்கிறது. அது தமிழில் வழங்குவதில்லை என்ற குறிப்பும் கூடவே இருக்கிறது.

விசர்க்கமும் ஆய்தமும் ஒன்றுதானா? இந்தக் கேள்விக்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களிலேயே ஒரு விடை வெட்டப்பட்டிருக்கிறது. 1010-இல் நிறைவெய்திய அக்கோயிலில் இராசராசனின் சாசனங்கள் வடமொழிச் சொற்களைக் கிரந்தத்திலும் தமிழைத் தமிழெழுத்திலும் தாங்கி, இரண்டையும் ஒரே வரியில் அடுத்தடுத்து வைத்தும் ஒன்றோடொன்று குழப்புவதில்லை. வடமொழியின் விசர்க்கத்துக்குக் கிரந்தத்தில் இடம் இருந்தது; தமிழின் ஆய்தத்துக்குத் தமிழில் இடம் இருந்தது. காவிரிக்கரையில் இவ்விரு மரபுகளும் ஆயிரம் ஆண்டுகள் அண்டை வீட்டாராக வாழ்ந்தும் ஒருவர் மற்றவராகிவிடவில்லை. ஒலியைக் கவனித்தாலும் வேறுபாடு தெரியும். வேதபாடசாலைப் பிள்ளைகள் ராம: என்பதை ‘ராமஹ’ என்றும், ஹரி: என்பதை ‘ஹரிஹி’ என்றும் உச்சரிக்கும்போது, விசர்க்கம் தனக்கு முன்னுள்ள உயிரின் நிறத்தையே பெற்று அதன் வாலாக ஒலிக்கிறது, அதற்குப் பின்னே எழுத்து ஒன்று வேண்டுமென்ற நியதி இல்லை, சொல்லின் இறுதியிலும் அது சுகமாக நிற்கும். ஆய்தத்துக்கு அது முடியாது. பின்னே வல்லினம் இல்லாவிட்டால் அது இல்லை. இன்னும் ஒன்று: விசர்க்கம் உள்ள வடசொற்களைத் தமிழ் தன்வயமாக்கியபோது, அவ்விடத்தில் ஆய்தத்தை வைக்காமல் பெரும்பாலும் அடுத்த வல்லினத்தை இரட்டித்துக்கொண்டது. துக்கம், அந்தக்கரணம் என்ற சொற்கள் சான்று. ஆன்மாவின் கருவிகளைப் பேசும் சித்தாந்த நூல்களில் பக்கத்துக்குப் பக்கம் வரும் அந்தக்கரணம் என்ற அச்சொல்லை எழுதிய ஆசாரியர்கள், கைக்கெட்டும் தூரத்தில் ஆய்தம் இருந்தும் அதை எடுக்கவில்லை.

எனவே கணினியில் நிகழ்ந்த பிழை பெயர்ப்பிழை மட்டும் அன்று. பெயரைத் தொடர்ந்து இனமும் பிழைத்தது. விசர்க்கம் என்று பெயரிட்டவர்கள், தொடக்கத்தில் ஆய்தத்தையும் கொம்பு, கால், புள்ளி முதலிய சார்புக்குறிகளின் இனத்திலேயே வைத்தார்கள். சார்புக்குறி ஒன்று தாங்குவதற்கு எழுத்தில்லாமல் தனியே வந்துவிட்டால், இயந்திரம் அதன் பக்கத்தில் புள்ளிகளாலான ஒரு சிறு வட்டத்தை வரைந்து, இங்கே ஆதாரம் இல்லை என்று அறிவிக்கும். ஆய்தத்தை அவ்வினத்தில் வைத்துக்கொண்ட மென்பொருள்களில் ஒரு சொல்லை ஆய்தத்தால் தொடங்கினால், அந்த நிராதார வட்டம் வந்து நிற்கும். இலக்கணப் பாடத்தில் தனிநிலை என்று பெயர் பெற்ற எழுத்து, இயந்திரத்தில் தனியே நிற்கவே அனுமதி இல்லாத குறியாயிற்று. பின்னர் தமிழறிஞர்களும் கணிஞர்களும் எடுத்துரைத்ததன் பயனாக இனம் திருத்தப்பட்டது. இன்று ஆய்தம் முழு எழுத்தின் இனத்தில், அகரமும் ககரமும் எந்த வகுப்பில் இருக்கின்றனவோ அதே வகுப்பில் இருக்கிறது. பெயர் மட்டும் மாறவில்லை. ஒருமுறை இட்ட பெயரை எக்காரணத்தாலும் மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் உறுதியான விதி. ஆதலால் விசர்க்கம் என்ற பெயரின் கீழே ஆய்தம் என்று ஒரு குறிப்பு மட்டும் இடப்பட்டிருக்கிறது.

இந்தப் பெயரைக் குறித்து நம்மவரில் பலருக்கு வருத்தம் உண்டு. அவ்வருத்தம் நியாயமானதே. ஆனால் பெயர் தவறாக இருப்பதைவிட இனம் தவறாக இருப்பதே பெருங்கேடு என்று நான் கருதுகிறேன். பெயர் வெளியே ஒட்டியிருக்கிறது, அது செயற்படுவதில்லை. இனமோ உள்ளே இருந்து, இந்த எழுத்து எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக்கூடாது என்று ஒவ்வொரு கணமும் ஆணையிடுகிறது. இன்னும் ஒரு வருத்தமும் மிஞ்சுகிறது. 247 எழுத்துகளைக் குழந்தைகள் ஒப்பிக்கும்போது ஔகாரத்துக்குப் பின், ககரத்துக்கு முன் ஆய்தம் வரும். எண் வரிசையிலோ அகரத்தின் எண் 2949 ஆதலால், ஆய்தம் அகரத்துக்கும் முந்திவிட்டது. அகராதி வரிசை வேண்டுமானால் தனியாக ஒரு வரிசைவிதி எழுதி இதைச் சரிசெய்யவேண்டியிருக்கிறது.

அதே அடுக்கில் என் மனத்துக்கு மிக இசைவான ஒன்றும் உண்டு. யூனிகோடில் ககரத்துக்குரிய எண், தனி மெய்யான க் அன்று. அகரம் ஏறிய க. மெய் வேண்டுமானால் அதன்மேல் புள்ளி என்ற இன்னோர் எண்ணைச் சேர்க்கவேண்டும். மெய்யே முதல், உயிர் வந்து ஏறுவதே முறை என்பது தமிழ் இலக்கணம். ஆகையால் இந்த ஏற்பாடு தலைகீழ் என்று இலக்கணிகள் குறை கூறுவதில் வலுவிருக்கிறது. ஆயினும் இறைவன் எழுத்துகளில் அகரம்போல எங்கும் கலந்து நிற்கிறான் என்று உமாபதியார் திருவருட்பயனைத் தொடங்கியிருப்பதை நினைக்கும்போது, கண்ணுக்குத் தெரியாமல், தனி எண் இல்லாமல், ஒவ்வொரு வல்லின மெல்லின இடையினத்துக்குள்ளும் அகரம் உறைந்திருக்கும் இந்தக் குறியேற்றத்தை முழுவதும் வெறுக்க எனக்கு மனம் வரவில்லை. 2014-இல் கிரந்தத்துக்குத் தனிக் கட்டம் கிடைத்து, அதன் விசர்க்கம் தனக்குரிய இடத்தில் தனியே அமர்ந்தது. 2019-இல் தமிழுக்குத் துணைக் கட்டம் ஒன்று வந்து, நெல் என்பதற்கும் உழக்கு, குறுணி, பதக்கு என்னும் அளவைகளுக்கும் கணக்கர் இட்ட பழைய குறிகள் எண் பெற்றன. ஆடவல்லான் என்னும் மரக்காலால் நெல் அளந்த செய்தியைச் சாசனங்களில் படிப்பவர்களுக்கு இது சிறிய மகிழ்ச்சி அன்று.

ஆய்தத்துக்குத் திரும்புவோம். முழு எழுத்தின் இனத்தில் அதனைச் சேர்த்த திருத்தம், தொல்காப்பியர் தொகைக்குப் புறம்பாக நிறுத்தியதைத் தொகைக்குள் இழுத்துவிட்டதே. ஒரு மிகையை மற்றொரு மிகையால் திருத்தியதாகாதா என்று ஒருவர் கேட்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. எண் என்பது ஒரு பொருள் உளது என்பதை மட்டுமே சொல்கிறது. அது எதனால் விளங்குகிறது என்பதை எண் சொல்வதில்லை, சொல்லவும் இயலாது. 2947 என்ற எண் கணினியின் நினைவில் யாரையும் சாராமல் இருக்கும்; அது ஓசையாக வேண்டுமானால் படிப்பவன் ஒருவனின் நாவும், முன்னே ஒரு குறிலும், பின்னே ஒரு வல்லினமும் வேண்டும். உளதாதல் தனக்கே உரியது, விளங்குதல் சார்பினால் வருவது என்ற சித்தாந்தப் பாகுபாட்டை, சித்தாந்தத்தை அறியாத தொழில்நுட்ப வல்லுநர்கள் தங்கள் தேவைக்காகவே கண்டடைந்துவிட்டார்கள்.

இந்த ஒப்புமை எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் ஆராயத்தான் வேண்டும். இன்றைய வழக்கில் ஆய்தம் பெரும்பாலும் வேறொரு தொழில் செய்கிறது: பகரத்துக்கு முன் நின்று, அதைப் பிறமொழிகளின் இதழ்ப்பல் ஒலியாக மாற்றுகிறது. கும்பகோணத்துப் பலகைகளில் காப்பி என்று எழுதியிருப்பதையே நகரத்துப் பலகைகள் காஃபி என்று எழுதுகின்றன. ஃபேன் என்னும்போது முன்னே குறிலும் இல்லை. பழைய ஆய்தம் சார்ந்தவற்றால் தான் ஒலி பெற்றது. புதிய ஆய்தம் தான் சார்ந்த எழுத்தின் ஒலியை மாற்றுகிறது. சார்ந்தது ஆதாரத்தின் வண்ணமாவது போய், ஆதாரம் சார்ந்ததன் வண்ணமாகிறது. வடமொழியிலும் பகரத்துக்கு முன் விசர்க்கம் உபத்மானீயம் என்ற இதழ்க்காற்றாக ஒலிக்கும் என்பதையும், அவ்வொலி இந்த ஃபகரத்துக்கு மிக அணித்தானது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ளவேண்டும். விசர்க்கம் என்ற பெயர் பழைய ஆய்தத்துக்குப் பொருந்தாவிட்டாலும் இந்தப் புதிய தொழிலுக்கு ஓரளவு பொருந்துகிறது. ஆனால் ஆன்மாவின் விஷயத்தில் சித்தாந்தம் இதனை ஒருபோதும் இசையாது. பதி நிர்விகாரி, சூரியன் முன்னே தாமரை மலர்கிறது, அதனால் சூரியனுக்கு யாதொரு மாற்றமும் இல்லை. ஆகவே ஃபகரத்தில் ஆன்மாவைக் காண முயல்வது வீண்.

எஃகிலும் அஃதிலும் நிற்கும் பழைய ஆய்தத்தோடும் ஒப்புமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. எழுத்துக்கு இச்சை இல்லை. குறிலின் பின், வல்லினத்தின் முன் என்று விதித்த இடத்தில் அது நிற்கும். அந்தச் சார்பைத் தானாகத் தேர்வதோ விடுவதோ அதற்கு இல்லை. ஆன்மாவுக்கோ இச்சையும் ஞானமும் கிரியையும் உண்டு. சிவாயநம என்பதன் நடுவில் நிற்கும் அது நகர மகரங்களை நோக்கி நின்ற நிலையிலிருந்து சிகர வகரங்களை நோக்கித் திரும்புகிறது. அப்படித் திரும்பிய பிறகும் அது சார்பற்றதாகிவிடுவதில்லை. முத்தியிலும் ஆன்மா ஆன்மாவாகவே இருந்து, பாசத்தைச் சார்ந்திருந்ததுபோய்ப் பதியைச் சார்ந்து, அதன் ஆனந்தத்தை அனுபவிக்கிறது என்பதே திருவாவடுதுறையில் இன்றும் சொல்லப்படும் பாடம்.